சாக்குத் துணியில் வார்த்த மனிதர்கள்: மக்தலேனா அபகனோவிச்சும் அவருடைய பொருட்களும்

பின்னாலிருந்து பார்த்தால் எண்பது பேர் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தபடி முதுகு வளைந்து குனிந்திருக்கிறார்கள். தொழுகிறார்களா, அடிவாங்கப் போகிறார்களா, வயலில் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார்களா என்று சொல்ல முடியாது. சுற்றி முன்பக்கம் போனால் அங்கே மார்பு, வயிறு, முகம் எதுவும் கிடையாது. முதுகின் ஓடு மட்டும்தான் இருக்கிறது. உள்ளே வெற்றிடம், அதன் விளிம்பில் விறைத்துப்போன சாக்குத் துணியின் மடிப்புகள். தலையும் இல்லை, கைகளும் இல்லை.

போலந்தைச் சேர்ந்த சிற்பி மக்தலேனா அபகனோவிச் 1976-இலிருந்து 1980 வரை செய்த 'முதுகுகள்' என்ற தொகுதி இது. இதைப் பார்த்தவர்கள் அவரிடம் விதவிதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஆஷ்விட்ஸ் வதைமுகாமா? பெருவில் நடக்கும் ஏதாவது மதச் சடங்கா? பாலித் தீவின் ராமாயண நடனமா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லலாம், தன் வேலை மனிதரைப் பற்றிய பொதுவான விஷயம் என்பதே அவர் பதில். கேட்பவரைத் தட்டிக்கழிக்கும் பதில் போலத் தோன்றும். ஆனால் அந்த உருவங்கள் எப்படிச் செய்யப்பட்டன, ஏன் வேறு எதிலும் இல்லாமல் சாக்கில் செய்யப்பட்டன என்று தேடிப் போனால், அந்தப் பதிலில் விஷயம் இருப்பது தெரியும்.

1930 ஜூன் 20-ஆம் தேதி வார்சாவுக்கு அருகே ஃபாலென்ட்டியில் பிறந்தவர் அபகனோவிச். நிலபுலன்கள் உள்ள பிரபுக் குடும்பம். தந்தை வழியில் தாத்தாரியர்கள், செங்கிஸ்கான் பரம்பரை என்று வீட்டில் ஒரு கதை உண்டு. கிராமத்துப் பெரிய வீட்டில் தனியாக வளர்ந்த குழந்தை. விளையாட்டுத் துணை என்றால் காடு, குச்சி, மரப்பட்டை, களிமண், கூழாங்கல். பின்னாளில் தன் இளமையைப் பற்றி எழுதியபோது ஆட்களைவிட இந்தப் பொருட்களைப் பற்றித்தான் அவர் அதிகம் எழுதினார்.

ஒன்பது வயதில் போர் வந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஒரு இரவு குடிபோதையில் வீட்டுக்குள் புகுந்த ஜெர்மன் சிப்பாய்கள் சுட்டார்கள். மகளின் கண்ணெதிரே தாயின் கை தோளோடு போயிற்று. 1944-இல் குடும்பம் வார்சாவுக்குத் தப்பி வந்தது. அந்த ஆண்டுதான் ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிரான வார்சா எழுச்சி நடந்தது. பதினாலு வயதுப் பெண் மருத்துவமனையில் செவிலியர்களுக்கு உதவியாளாகக் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டாள்.

அவரைப் பற்றி எழுதும் பலரும் இந்த இடத்தோடு தேடலை முடித்துக்கொள்கிறார்கள். தாய்க்குக் கை போயிற்று, அதனால் மகள் கையில்லாத உருவங்களைச் செய்தாள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரவுக்கும் முதல் கையில்லாத உருவத்துக்கும் இடையில் முப்பது ஆண்டுகள் இருக்கின்றன. அந்த முப்பது ஆண்டுகளில் பாதிக்கு மேல் அவர் மனித உருவத்தையே செய்யவில்லை. நெய்துகொண்டிருந்தார்.

போருக்குப் பின் போலந்து கம்யூனிஸ்ட் ஆட்சியின் கீழ் வந்தது. பிரபுக் குடும்பத்துப் பிள்ளை என்று தெரிந்தால் கல்லூரியில் இடம் கிடைக்காது. குடும்பம் வடக்கே ட்செவ் என்ற ஊருக்குப் போனது. பூர்வீகத்தை மறைத்துத்தான் அவர் படிக்க வேண்டியிருந்தது. 1950 முதல் 1954 வரை வார்சா நுண்கலைக் கழகம். சோஷலிச யதார்த்தவாதம் உச்சத்தில் இருந்த காலம். உழைப்பாளியை நிமிர்ந்த தலையோடும் மலர்ந்த முகத்தோடும் வரைய வேண்டும் என்பது சட்டம் போலவே இருந்தது. முகமில்லாத, குனிந்த மனிதர்களைப் பின்னாளில் செய்தவர் அங்கேதான் படித்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

படிப்பு முடிந்தபின் சில காலம் மிலானுவெக் பட்டு ஆலையில் வடிவமைப்பாளராக இருந்தார். 1956-இல் யான் கோஸ்மோவ்ஸ்கி என்ற பொறியாளரை மணந்தார். படுக்கை விரிப்புகளை ஒன்றோடொன்று தைத்து, அவற்றில் செடிகளையும் மீன்களையும் பறவைகளையும் பெரிதுபெரிதாக வரைந்துகொண்டிருந்தார். படம் வரைய விரிப்பு எதற்கு? கான்வாஸ் கிடைப்பது கஷ்டம். அதோடு அவர்கள் இருந்த சின்ன அறையில் சட்டமடித்த பெரிய ஓவியத்தை எங்கே வைப்பது? துணி என்றால் சுருட்டி மூலையில் சாத்திவிடலாம். இந்தச் சுருட்டும் வசதிதான் பத்து ஆண்டுகள் கழித்து இருபதாம் நூற்றாண்டுச் சிற்பத்தின் போக்கையே கொஞ்சம் திருப்பிவிட்டது என்றால் மிகை என்று நினைப்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1960-இல் வார்சாவில் கோர்டெகார்டா காட்சிக்கூடத்தில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி ஏற்பாடாயிற்று. கருத்தை விட்டு வடிவத்தில் மட்டும் அக்கறை காட்டும் 'உருவவாதம்' என்று சொல்லி, திறப்பதற்கு முன்பே அதிகாரிகள் மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே தொங்கிய சில நெசவுகளை மரியா லாஷ்கேவிச் என்ற மூத்த நெசவுக் கலைஞர் பார்த்துவிட்டார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1962-இல் நடக்கவிருந்த முதல் சர்வதேசத் திரைச்சீலை விழாவுக்கு, அதாவது சுவரில் தொங்கவிடும் சித்திர நெசவுகளின் விழாவுக்கு, அனுப்பும் பட்டியலில் அபகனோவிச்சின் பெயரைச் சேர்த்தார். தன் வீட்டு நிலவறையில் இருந்த தறியையும் கொடுத்தார்.

லோசானில் அப்போது பிரெஞ்சு மரபின் ஆட்சி. ஓவியர் ஒருவர் காகிதத்தில் முழு அளவுப் படம் வரைந்து கொடுப்பார். கைதேர்ந்த நெசவாளர்கள் அதை அப்படியே நூலில் இறக்குவார்கள். நூல் அங்கே ஓவியத்துக்கு வேலைக்காரன். அபகனோவிச் அனுப்பிய 'வெண்வடிவங்களின் அமைப்பு' தடித்த பருத்திக் கயிறுகளால் ஆனது. முன்கூட்டி வரைந்த படம் எதுவும் கிடையாது. அவரே தறியில் உட்கார்ந்து, முடிச்சும் மேடுமாக, போகிற போக்கில் நெய்தது. சிலருக்கு எரிச்சல், சிலருக்குத் திகைப்பு. எப்படியோ, பேச்சு அவரைப் பற்றித்தான்.

நெசவு அவருக்கு வேறொரு வழியிலும் உதவியது. ஓவியமும் சிற்பமும் உயர்கலை என்பதால் அவற்றின் மீது கட்சியின் கண் இருந்தது. நெசவு கைவினைதானே, அலங்காரம்தானே என்று தணிக்கையாளர்கள் அதிகம் கவலைப்படவில்லை. நாட்டுப்புற நெசவைப் போல ஏதோ செய்கிறார் என்று விட்டுவிட்டார்கள். கீழே வைக்கப்பட்ட கலைக்குக் கிடைக்கும் சுதந்திரம் அது. அவர் அதை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டார்.

கடைகளில் நல்ல நூல் கிடைக்காது. விஸ்துலா ஆற்றங்கரையிலும் துறைமுகங்களிலும் கழித்துப் போட்ட பழைய கயிறுகளைப் பொறுக்கி வந்து, புரி பிரித்து, கழுவி, வீட்டு அடுப்பிலேயே சாயம் ஏற்றினார். அவற்றில் பெரும்பங்கு சிசல் நார். நம்மூர் ரயில் பாதையோரம் வேலியாக நிற்கும் ரயில் கற்றாழை இனத்திலிருந்து உரிக்கும் நார்தான் அது. கையை அறுக்கும், தண்ணீரையும் உப்பையும் தாங்கும், காய்ந்தாலும் ஒரு வாசம் போகாது.

இந்தக் கயிற்றிலிருந்து வந்தவைதான் 'அபகான்கள்'. பெயர் அவர் வைத்ததில்லை. இவற்றைத் திரைச்சீலை என்று அழைப்பதா, சிற்பம் என்று அழைப்பதா என்று தெரியாத ஒரு விமர்சகர், 1964-இல் சிற்பியின் பெயரையே வெட்டிச் சூட்டிவிட்டார். 1965-இல் பிரேசிலின் சாவோ பாலோ ஈராண்டு விழா என்ற பெரிய மேடையில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அந்த ஆண்டே போஸ்னான் கலைக் கல்லூரியில் ஆசிரியப் பணியில் சேர்ந்தவர் 1990 வரை அங்கே கற்பித்தார்.

அபகான்கள் சுவரை விட்டு விலகி, கூரையிலிருந்து அறையின் நடுவே தொங்கின. 1969-இல் செய்த 'சிவப்பு அபகான்' ஏறக்குறைய நாலு மீட்டர் உயரம், அதே அளவு அகலம். நடுவே ஒரு பிளவு; விளிம்பில் நாரின் பிசிறுகள். இலையா, பூவா, உரித்த தோலா, உள்ளுறுப்பா என்று கண் தடுமாறும். பெண்ணுடலோடு சேர்த்து அதைப் படித்தவர்கள் பலர். அவர் அந்த வாசிப்பை ஒருபோதும் உற்சாகமாக ஏற்றதில்லை. சில கறுப்பு அபகான்களுக்குள் ஆள் நுழைந்து நிற்கலாம். உள்ளே இருட்டு, நார் வாசம், வெளிச்சத்தம் அடங்கிவிடும்.

இங்கே அவருடைய அடிப்படை எண்ணத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் வேர். உயிருள்ள எல்லாமே நாரால் ஆனது என்று அவர் நம்பினார். செடியின் தண்டு, இலையின் நரம்பு, நம் தசை, நரம்பு மண்டலம், இதயத்தைச் சுற்றியுள்ள குழாய்கள் எல்லாம் இழை இழையாகப் பின்னப்பட்டவை. ஆகவே நாரைக் கையில் எடுப்பவர் ஒரு புதிரைத் தொடுகிறார் என்று எழுதினார். இதைக் கவித்துவமான பேச்சு என்று ஒதுக்கலாம். ஆனால் ஒரு சிற்பிக்கு இதன் விளைவு மிக நடைமுறையானது. கல்லில் உடலைச் செதுக்கினால் அது உடலின் படம். நாரில் உடலைச் செய்தால், செய்யப்படும் பொருளும் உடலும் ஒரே இனம். சுருங்கும், நையும், ஈரத்தை உறிஞ்சும், கிழியும், தைத்தால் தழும்பு நிற்கும். மனிதனைப் பற்றிய கருத்தைப் பொருளின் மேல் ஏற்ற வேண்டிய தேவை இல்லை. பொருளிலேயே அது இருக்கிறது.

நம் நாட்டில் இதோடு சேர்த்து நினைக்க வேண்டியவர் மிருணாளினி முகர்ஜி. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துவிட்டுக் கலைக்கு வந்த கே. ஜி. சுப்ரமணியனிடம் பரோடாவில் பயின்றவர். தறியே இல்லாமல், சாயமேற்றிய சணல் வகை நாரை விரலால் முடிச்சுப் போட்டே ஆளுயரத் தெய்வ வடிவங்களை எழுப்பினார். இரண்டு பேரையும் எப்போதும் ஒப்பிடுகிறார்கள். எனக்கு வேற்றுமைதான் பெரிதாகத் தெரிகிறது. முகர்ஜியின் நாரில் செழிப்பு, காமம், வழிபாடு. அபகனோவிச்சின் நாரில் காயம்.

1970-களின் நடுவில், புகழின் உச்சத்தில், அவர் அபகான்களை நிறுத்திவிட்டார். எல்லா நாடுகளிலும் அருங்காட்சியகங்கள் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. 'நார்க் கலையின் அரசி' என்பது போன்ற ஒரு சிறு சிம்மாசனத்தில் தன்னை உட்கார்த்திவிடுவார்கள் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். நெசவை விட்டார், நாரை விடவில்லை. தறியில் புதிதாக நெய்வதற்குப் பதில், ஏற்கெனவே யாரோ நெய்து, யாரோ தானியம் சுமந்து, கழித்துப் போட்ட துணியை எடுத்தார். பழைய சாக்கு.

முதலில் தலைகள் வந்தன, 1973 முதல் 1975 வரை. ஆள் தலையைவிடப் பெரிய, முட்டை வடிவச் சாக்கு மூட்டைகள். கண், மூக்கு, வாய் கிடையாது. தையல் பிரிந்து முன்பக்கம் பிளந்து, உள்ளே திணித்த நாரும் கயிறும் பிதுங்கி நிற்கும். அப்புறம் 1974 முதல் 1979 வரை 'உட்கார்ந்த உருவங்கள்'. அதன்பின் நாம் தொடக்கத்தில் பார்த்த முதுகுகள். இந்தத் தொகுதிகளுக்கெல்லாம் சேர்த்து 'மாற்றங்கள்' என்று பெயர்.

செய்முறை எளிமையானது; ஆனால் விஷயமே அதில்தான் அடங்கியிருக்கிறது. உயிருள்ள ஒரு ஆளின் உடலில் பிளாஸ்டர் பூசி அச்சு எடுக்க வேண்டும். பசையிலும் ரெசினிலும் ஊறவைத்த சாக்குத் துண்டுகளை அச்சின் உட்பக்கத்தில் வைத்துக் கையால் அழுத்தி, அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். காய்ந்ததும் உரித்து எடுத்தால் துணி அந்த உடலின் வளைவிலேயே விறைத்து நிற்கும். அச்சு ஒன்றுதான். ஆனால் ஈரச் சாக்கு ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி மடியும். ஒரு இடத்தில் இழை பிரியும், ஒரு இடத்தில் பசை திரண்டு தழும்பு போல நிற்கும், முதுகெலும்பு ஒன்றில் புடைக்கும், இன்னொன்றில் மங்கும். எண்பது முதுகும் ஒரே முதுகு. எண்பதில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை.

இதையே வெண்கலத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஒரே அச்சில் வார்த்திருந்தால் எண்பது நகல்கள் கிடைத்திருக்கும். கல்லில் எண்பதையும் தனித்தனியே செதுக்கியிருந்தால் எண்பது தனி ஆட்கள் கிடைத்திருப்பார்கள். மனிதக் கூட்டம் இந்த இரண்டில் எதுவுமே இல்லை. ஒரே வார்ப்பில் பிறந்து, வேண்டுமென்று செய்யாத சின்னச் சின்ன வித்தியாசங்களால் மட்டுமே ஒருவர் மற்றவரிடமிருந்து பிரிகிறோம். அந்த வித்தியாசத்தைச் சிற்பி திட்டமிட்டு உண்டாக்கினால் அது பொய்யாகிவிடும். அதைச் சாக்கிடமே விட்டுவிட்டார் என்பதுதான் அபகனோவிச்சின் மேதைமை. பெருவா, ஆஷ்விட்ஸா, பாலியா என்ற கேள்விக்கு எல்லாமே என்று அவர் சொன்ன பதிலை இப்போது திரும்பப் படித்தால் அதில் ஏய்ப்பு இல்லை.

கூட்டம் அவருக்கு அழகான பாடுபொருள் அல்ல, பயம். ஆணையிட்டால் வணங்கும், ஆணையிட்டால் வெறுக்கும் மனிதத் திரள்களை அவர் இரண்டு ஆட்சிகளின் கீழும் பார்த்தவர். ஊர்வலங்களும் அணிவகுப்புகளும் போற்றிய தலைவர்கள் பிறகு கொலைகாரர்கள் என்று தெரியவந்த காலத்தில் வாழ்ந்தேன் என்று எழுதியிருக்கிறார். தலையில்லாத உருவங்களுக்கு இதுவும் ஒரு விளக்கம். சிந்திக்கும் உறுப்பு கழற்றப்பட்ட உடல், எந்தத் திசையில் திருப்பினாலும் உட்காரும், நிற்கும். அதே சமயம் அந்த முதுகுகளைப் பார்த்தால் பரிவுதான் முதலில் வருகிறது, பயம் பிறகுதான். பலியானவரும் பலிகொண்டவரும் பின்னாலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருப்பார்கள் என்ற சங்கடமான நிலையில் நம்மை நிறுத்திவிடுகிறார்.

1980-இல் வெனிஸ் ஈராண்டு விழாவின் போலந்து அரங்கில் 'கருவியல்' வைக்கப்பட்டது. 1978 முதல் 1980 வரை செய்த ஏறத்தாழ 800 உருண்டைகள். சில கூழாங்கல் அளவு. சில ஆள் படுத்தால் எவ்வளவோ அவ்வளவு. சாக்கு, கட்டுத்துணி, சணல் கயிறு, நைலான், சிசல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் திணித்துத் தைத்தவை. உருளைக்கிழங்கா, பாறையா, புழுக்கூடா, சிதைந்த உடலா? காயத்துக்குக் கட்டும் துணியைச் சிற்பத்துக்குப் பயன்படுத்தியவர் பதினாலு வயதில் மருத்துவமனையில் வேலை செய்தவர் என்பதை இங்கே சொன்னால் பொருந்தும். தாயின் கையைவிட இந்தத் தொடர்புதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது: நிகழ்ச்சியின் நினைவைவிடக் கையின் நினைவு. துணி, ஈரம், கட்டு, தையல்.

அதே 1980-இன் ஆகஸ்டில் போலந்துக் கப்பல் கட்டும் தளத்தில் சாலிடாரிட்டி என்ற தொழிற்சங்க இயக்கம் பிறந்தது. 1981 டிசம்பர் 13-ஆம் தேதி ராணுவச் சட்டம் வந்தது. நின்றுகொண்டிருக்கும் உருவங்கள் அதற்குப் பின் வருகின்றன. 1986–87-இல் செய்த முதல் 'கூட்டம்' ஐம்பது பேர் கொண்டது. இவர்களும் தலையில்லாதவர்கள்தான், ஆனால் எழுந்து நிற்கிறார்கள். இதை நேரடி அரசியல் குறிப்பாக எடுத்துக்கொள்வதா என்பது அவரவர் விருப்பம். வரிசையில் நிற்பது போலந்தில் அப்போது அன்றாட வாழ்க்கை. ரேஷன் அட்டையோடு இறைச்சிக்கு நின்றார்கள். எதற்காக நிற்கிறார்கள் என்று அந்த ஐம்பது பேரும் சொல்வதில்லை.

சாக்குக்கு ஒரே ஒரு எல்லை உண்டு. மழையில் நிற்காது. 1985-இல் இத்தாலியின் பிஸ்தோயா அருகே, ஜூலியானோ கோரி என்ற சேகரிப்பாளரின் செல்லே பண்ணைத் தோட்டத்தில் நிரந்தரமாக ஒரு படைப்பு வைக்க அழைப்பு வந்தபோது, அவர் முதன்முறையாக வெண்கலத்துக்குப் போனார். 'கதார்சிஸ்' என்ற அந்தத் தொகுதியில் 33 உருவங்கள் புல்வெளியில் நிற்கின்றன. பின்னால் பார்த்தால் குடைந்த மரத்தண்டுகள். சவப்பெட்டி என்றும் சொல்லலாம். அதிலிருந்து கதவு திறந்துகொண்டது. ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் 1987-இல் 'நெகேவ்', ஏழு பெரிய சுண்ணாம்புக்கல் சக்கரங்கள். சியோல் ஒலிம்பிக் பூங்காவில் 1988-இல் பத்து வெண்கல விலங்குத் தலைகள். ஹிரோஷிமாவில் 1992–93-இல் நாற்பது வெண்கல முதுகுகள். லித்துவேனியாவில் 1998-இல் 22 கான்கிரீட் உருண்டைகள். பாரிஸின் ஒரு பகுதியை விரிவாக்க 1991-இல் யோசனை கேட்டபோது, செடிகொடி போர்த்திய மர வடிவ அடுக்குமாடிகளைக்கூடத் திட்டமாகக் கொடுத்தார், அது கட்டப்படவில்லை.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது உலோகமும் இல்லை, கல்லும் இல்லை; மரம். 1987-இலிருந்து செய்த 'போர் விளையாட்டுகள்'. போலந்தின் மசூரிய ஏரிப் பகுதியில் வெட்டி வீழ்த்தப்பட்ட பழைய மரங்களின் அடிமரங்களை எடுத்துவந்தார். பட்டை உரித்து, கிளை வெட்டிய இடங்களில் இரும்புப் பட்டை போட்டுக் கட்டி, சிலவற்றின் நுனியில் இரும்புக் கத்தி போன்ற அலகு மாட்டி, தாங்கிகளின் மேல் கிடத்தினார். வெட்டுண்ட உடல் ஒன்று ஆயுதமாகக் கிடக்கிறது. சில இடங்களில் துணியும் சுற்றியிருக்கிறது, அறுவை முடிந்த காலுக்குச் சுற்றியதுபோல. மனித உருவம் எங்கும் இல்லாமலே அவர் மனிதனைப் பற்றிச் சொன்ன மிகக் கடுமையான வார்த்தை இதுதான். மரமும் நார்தானே, அவர் சொன்ன அந்தப் பழைய இழை இங்கே அறுபடவில்லை.

பெரிய இரும்புக் கூட்டங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. போஸ்னான் சிட்டாடல் பூங்காவில் 2002-இல் நிறுவிய 'அடையாளம் தெரியாதவர்கள்' 112 உருவங்கள். சிகாகோ கிராண்ட் பூங்காவின் தென்கோடியில் 2006-இல் நிறுவிய 'அகோரா' 106 உருவங்கள். போலந்து வார்ப்பாலையில் வார்த்துக் கப்பலேற்றிக் கொண்டுபோனவை. ஏராளமான போலந்து வம்சாவளியினர் வாழும் நகரம் அது. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒன்பது அடி உயரம். மரப்பட்டை போன்ற சொரசொரப்பு. ஒவ்வொன்றின் மேற்பரப்பும் தனியாகக் கையால் உருவாக்கப்பட்டது. சிலர் கூடி நிற்கிறார்கள், சிலர் விலகி ஏதோ திசையில் நடக்கிறார்கள். இரும்பு செம்பழுப்பாகத் துருவேறி நிற்கிறது.

பிரம்மாண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு விஷயம் மாறிவிட்டன. சாக்கு உருவங்கள் நம் உயரத்தில் இருந்தன. அவற்றோடு தரையில் உட்காரலாம் போலிருக்கும். ஒன்பது அடி இரும்பு நம்மைக் குழந்தையாக்கிவிடுகிறது. பரிவு போய் வியப்பு வந்துவிடுகிறது. இரண்டாவது, முன்பு சாக்குத் துணி தானாகச் செய்த வித்தியாசத்தை இப்போது சிற்பியின் கை வலிந்து செய்ய வேண்டியிருக்கிறது. இரும்பு எல்லாவற்றையும் ஒரே உறுதியோடு பிடித்துக்கொள்கிறது. நைந்துபோகும் என்ற பயமே அதில் இல்லை. சாகக்கூடிய பொருளில் செய்தபோது இருந்த அந்த உறவு இதில் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அருங்காட்சியகத்துக்குள் ஒருபோதும் நுழையாத ஆள் வேலைக்குப் போகிற வழியில் இவற்றுக்கு நடுவே நடந்து போகிறார். கூட்டத்தைப் பற்றிய படைப்பு, நிஜக் கூட்டம் நடமாடும் இடத்தில் நிற்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. பனி விழுந்த நாளில் குடைவான முதுகுகளில் பனி தங்குகிறது. அதைச் சாக்கால் செய்ய முடியாது. தன் உருவங்கள் எல்லாம் சேர்ந்தால் ஆயிரத்துக்கு மேல் வரும், ஒரு பெரிய சதுக்கத்தை நிரப்பும், ஆனால் அவை ஒருபோதும் ஒன்றாகக் கூடியதில்லை என்று அவர் சொல்வதுண்டு. உலகம் முழுக்கச் சிதறிய ஒரே கூட்டமாக எல்லாவற்றையும் பார்த்தால், இரும்பில் நிற்பவர்களையும் அதிலிருந்து தள்ளிவைக்க முடியாது.

அபகனோவிச் 2017 ஏப்ரல் 20-ஆம் தேதி வார்சாவில் காலமானார். அதன்பின் நடந்தது சுவாரசியமானது. உயிரோடு இருந்தவரை பொதுவெளியில் அவர் பெயர் தலையில்லாத கூட்டங்களோடு சேர்ந்தே பேசப்பட்டது. அபகான்கள் 'ஆரம்பகால நெசவு வேலை' என்று அருங்காட்சியகக் கிடங்குகளில் இருந்தன. லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் 2022 நவம்பரில் திறந்து 2023 வரை நடத்திய பெரிய கண்காட்சி நேரெதிராகக் கயிறையும் அபகான்களையும் மையத்தில் வைத்தது. நெசவையும் தையலையும் கைவினை என்று கீழே வைத்த பழைய படிநிலையை அருங்காட்சியகங்கள் இப்போதுதான் வெட்கத்தோடு திருத்திக்கொண்டிருக்கின்றன. அந்தத் திருத்தத்தின் பெரிய பயனாளிகளில் அவரும் ஒருவர், தாமதமாக.

சாக்குக்குத் திரும்பினால், அது பாதுகாப்பாளர்களுக்குப் பெரிய தலைவலி. வெளிச்சம் பட்டால் நிறம் மாறும், தூசி பிடிக்கும், பூச்சி வரும், பசை காலப்போக்கில் நொறுங்கும். அதனால் அவற்றை எப்போதும் வெளியே வைப்பதில்லை. போலந்தில் வ்ரோத்ஸ்வாஃப் தேசிய அருங்காட்சியகத்தில் அவருடைய படைப்புகளின் பெரிய தொகுப்பு உள்ளது. 'கருவியல்' டேட்டிடம் இருக்கிறது. இரும்பில் நிற்பவர்களைப் பார்ப்பது சுலபம். சிகாகோவிலோ போஸ்னானிலோ இருந்தால் டிக்கெட்டே வேண்டாம். எந்த நேரமும் பூங்காவுக்குள் நடந்து போகலாம். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் சாக்கைத் தேடித்தான் போவேன். போவதற்கு முன் அது அப்போது காட்சியில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.